ஓடைக்கு அந்தாண்ட

மே 4, 2025. ஞாயிறு

சீசன் தொடங்கிவிட்டது. காலை ஏழு மணியிலிருந்து கார் நிற்காமல் போகிறது. ஏற்காட்டில் ஏரிப் பக்கம் கூட்டம் தாங்காதவர்களெல்லாம் வண்டியை எங்கள் கொட்டச்சேட்டுப் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கடைசி மிளகை வாசலில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் இறங்கி, கேட்காமலே படலைத் திறந்துகொண்டு வந்து, போனைத் தூக்கிப் பிடித்து, "பாட்டி, கொஞ்சம் சிரிங்க" என்றாள்.

எதுக்குச் சிரிக்கணும்?

"எங்க ஊட்டுக்காரர் செத்து ஆறரை மாசம் ஆவுதுங்க. சிரிப்பு இருந்தா நீங்களே கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க" என்றேன். பயந்து போய்விட்டாள். போகும்போது தண்ணீர் பாட்டிலைக் காப்பிச் செடிக்குள் வீசிவிட்டுப் போனார்கள். நான்தான் போய்ப் பொறுக்கினேன்.

இது உரக்கடையில் கொடுத்த டைரி. வருசா வருசம் அவருக்குக் கொடுப்பார்கள். அவர் ஒரு எழுத்து எழுதினதில்லை. இந்த வருசம் கடைக்காரர் என் கையில் கொடுத்தார். அஞ்சாவது வரை படித்தவள்தானே, எழுதிப் பார்ப்போம். வாயால் சொன்னால் "கம்முனு இரு கண்ணாயி" என்கிறார்கள். தாள் அப்படிச் சொல்லாது.

மே 9

விசா வந்துவிட்டதாம். மகள் கௌரி போனில் கத்தினாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மே 20

வருசம் திரும்பாமல் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகக்கூடாதாம். சீமைக்கு மட்டும் போகலாமா என்று தண்ணிக் குழாயில் கேட்கிறார்கள். "ஊர் சுத்தப் போறயா கண்ணாயி?" என்று கலா கேட்டாள். பக்கத்து வீடு. நல்லவள்தான். ஆனால் அந்தக் கேள்வி!

நான் ஊர் சுத்தப் போகவில்லை. என் மகன் மூஞ்சியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப் போகிறேன்.

பிரபாகர் ஜெர்மனிக்குப் போய் ஆறு வருசம். அவன் அப்பன் போன அன்றைக்கு வரவில்லை. பதினாறாம் நாளுக்கும் வரவில்லை. இப்போது டிக்கெட் அனுப்பியிருக்கிறான், "வந்து நாலு இடம் பார்த்துட்டுப் போம்மா, மனசு மாறும்" என்று. என் மனசு மாற வேண்டுமாம்.

போன வருசம் ஐப்பசி அஞ்சு. காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலி என்றார். ஜீப்பில் ஏற்றிக் குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறக்கினோம். பாதி மலைகூட இறங்கவில்லை. என் மடியிலேயே. திருப்பிக்கொண்டு வந்தோம். மதியம் ஒரு மணிக்கு வீடு, நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். எங்களில் புதைக்கிற வழக்கம். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மூக்கன் சொல்லிவிட்டார். மூக்கன் அவருடைய தம்பி.

பெண்கள் ஓடை வரைதான் போகலாம். அந்தப் பக்கம் ஆம்பளைகள் மட்டும். என்னை ஓடைக்கல்லில் உட்கார வைத்தார்கள். மரங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. மண்வெட்டிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. ஆம்பளைகள் ஓடையில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தார்கள். அவ்வளவுதான். முப்பத்தாறு வருசம் கூட இருந்தவரை எங்கே வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் பார்க்கவில்லை.

ஐப்பசி அஞ்சில் வருசம் திரும்புகிறது. அன்றைக்குத் தலைமாட்டில் கல் நட வேண்டும். மகன் கையால் நட வேண்டும். வா என்று போனில் சொன்னால் "பார்க்கலாம்மா" என்கிறான். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? வருகிறேன் என்றா, வர மாட்டேன் என்றா? அதைத்தான் நேரில் கேட்கப் போகிறேன்.

ஜூன் 10

பெங்களூர் ஏர்போர்ட் வரை கௌரி வந்தாள். லாட்ஜில் லீவு கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், அங்கே சமையல் வேலை அவளுக்கு. "ஏம்மா, போன உடனே அண்ணனைத் திட்டாத. ரெண்டு நாள் சோறு தின்னுட்டு அப்புறம் திட்டு" என்றாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சட்டி நிறைய ஊறுகாய் கொண்டுபோக விடவில்லை. ராகி மாவை மட்டும் விட்டார்கள். அதையும் ஒரு பையன் மோந்து பார்த்தான்.

ஜூன் 12

வந்து சேர்ந்தாயிற்று. பிரபாகர் இளைத்துவிட்டான். முன்னால் முடி கொட்டி அவன் அப்பன் நெற்றி மாதிரியே ஆகிவிட்டது. அதைப் பார்த்ததும் கோபம்தான் வந்தது. அந்த நெற்றியை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறானே.

வீட்டில் அவர் படம் இல்லை. சாமி படம் இருக்கிறது, கல்யாணப் படம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. அவனும் அப்பா என்ற வார்த்தையை எடுக்கவில்லை. மருமகள் ஐஸ்வர்யா சேலத்துப் பெண், தங்கமாகத்தான் நடத்துகிறாள். "அத்தை, இதப் போட்டுக்குங்க" என்று கம்பளிச் சட்டை, "அத்தை, இதக் குடிங்க" என்று ஏதோ சூப்பு. அவள் அன்பாக இருக்க இருக்க எனக்கு எரிகிறது. ஏன் என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காரில் கிளம்புகிறோமாம். நாலு நாள். மலை, ஏரி எல்லாம் பார்க்கலாமாம்.

மலையிலேயே பொறந்தவளுக்கு மலை காட்டப் போறானுங்க.

ஜூன் 14, சனி

நாள் முச்சூடும் கார். மலையைக் குடைந்து ரோடு போட்டிருக்கிறார்கள், உள்ளே போனால் கால் மணி நேரம் இருட்டு. பெட்ரோல் பங்கில் ஒண்ணுக்குப் போகக் காசு போட்டால்தான் கதவு திறக்கிறது. மாடெல்லாம் கழுத்தில் குடம் மாதிரி மணி கட்டிக்கொண்டு மேய்கிறது. ஒரு மாட்டுக்கும் எலும்பு தெரியவில்லை.

"எப்படி இருக்குதுங்க அத்தை?" என்றாள் ஐஸ்வர்யா.

"பச்சையா இருக்குது."

"நம்ம ஏற்காடு மாதிரியே இல்லைங்களா?"

"ஏற்காடு மாதிரின்னா ஏற்காட்டுக்கே வந்திருக்கலாமில்ல? ரெண்டு பேருக்கும் இத்தனை டீசல் மிச்சம்."

முன்சீட்டுக் கண்ணாடியில் பிரபாகர் கண் தெரிந்தது. ரோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்ப ரோட்டைப் பார்த்தான்.

ஜூன் 15, ஞாயிறு

நடு ராத்திரி ஆகிவிட்டது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

இன்றைக்குத்தான் அந்த ஏரி ஊர். ஆஸ்திரியாவாம். ஊர்ப் பேர் வாயில் நுழையவில்லை. ஏரி பெரிசு, நம் ஏரியைப் போல பத்து இருக்கும். சுற்றி நேராக நிற்கிற மலை. மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒட்டினாற்போல மர வீடுகள், எல்லா ஜன்னலிலும் சிவப்புப் பூத்தொட்டி. அழகில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நம் சீசனில் வருவதைப் போல ரெண்டு பங்கு கூட்டம். பஸ் பஸ்ஸாக இறங்கி, வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு போட்டோ எடுக்கிறார்கள். ஒரு வீட்டுக் கதவில் பலகை மாட்டியிருந்தது. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "இங்க ஆளுங்க குடியிருக்கோம், சத்தம் போடாதீங்க, உள்ள எட்டிப் பார்க்காதீங்கன்னு போட்டிருக்கும்மா" என்றான் பிரபாகர். அந்த ஊரிலேயே எனக்குப் பிடித்தது அந்தப் பலகைதான். இந்த வீட்டுக்காரி என்னைப் போல ஒருத்தி.

ஐஸ்வர்யா ஏரியை முதுகுக்குப் பின்னால் வைத்து என்னை நிறுத்தினாள். "கொஞ்சம் சிரிங்க அத்தை."

இவளுமா!

"போட்டோவ எடுத்து யாருக்குக் காட்டப் போற? வருசம் திரும்பாத முண்டச்சி ஏரிக்கரையில சிரிச்சிட்டு நிக்கறான்னு உங்க சொந்தக்காரங்களுக்கா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் போனை இறக்கிவிட்டாள். மூக்கு சிவந்துவிட்டது. அவளைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் மேல் இல்லை என் கோபம்.

பிரபாகர் போட் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றான். நான் விறுவிறுவென்று நடந்துவிட்டேன். மேலே ஒரு கோயில், சர்ச், படிக்கட்டு ஏறிப் போனேன். கூட்டமில்லாமல் உட்காரலாம் என்று. உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது, சர்ச்சைச் சுற்றி இருப்பதெல்லாம் சமாதி. ஏரியைப் பார்த்தபடி வரிசை வரிசையாக. ஒவ்வொன்றின் மேலும் சின்னத் தோட்டம்.

காலை வெளியே வைக்கத்தான் பார்த்தேன். பொம்பளை வந்து நிற்கிற இடமா இது? ஆனால் ஒருத்தி அங்கே இருந்தாள். என் வயசு, ஒரு வேளை என்னைவிடப் பெரியவள். முட்டி போட்டுக்கொண்டு சமாதியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நம் தோட்டத்தில் பிடுங்குவோமே, அதே மாதிரி, வேரோடு எடுத்து மண்ணைத் தட்டி ஓரமாகக் குவித்து வைத்திருந்தாள்.

என்னைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். கல்லில் ஒரு மீசைக்காரர் படம் இருந்தது. அதைத் தொட்டாள், பிறகு தன் மோதிரத்தைத் தொட்டாள். புரிந்தது. நான் என் வெறுங்கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கும் புரிந்தது. தலையை ஆட்டினாள். பிறகு கையைத் திருப்பி, உன்னுடையவர் எங்கே, எப்படி இருக்கிறது அவர் இடம் என்பது போல ஒன்று கேட்டாள். பூவைக் காட்டினாள், கல்லைக் காட்டினாள், என்னைப் பார்த்தாள்.

என்ன சொல்வேன்? பாஷை தெரியாதது இல்லை பிரச்சினை. தமிழில் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் இல்லை. ஓடைக்கு அந்தாண்ட. அவ்வளவுதான் தெரியும். மரத்தடியா, வெயிலா, மேடா, பள்ளமா? தலை எந்தப் பக்கம்? எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் பொண்டாட்டி, எனக்கு ஒண்ணும் தெரியாது!

பிரபாகர் மூச்சு வாங்க ஏறி வந்தான். "ஏம்மா இங்க வந்து நிக்கற? போட்டுக்கு நேரமாச்சு."

"இந்தம்மா என்ன சொல்லுதுன்னு கேளு."

அவர்கள் பாஷையில் பேசினான். புருசன் போய் நாலு வருசமாம். ஞாயிறு தவறாமல் வருவாளாம். ஒரே மகன், வேறு நாட்டில் இருக்கிறானாம். இந்த இடத்துக்குப் பத்து வருசத்துக்கு ஒரு தடவை வாடகை கட்ட வேண்டுமாம். தான் போன பிறகு மகன் கட்டுவானோ என்னமோ, கட்டாவிட்டால் எடுத்துவிடுவார்கள் என்கிறாளாம்.

"செத்தவனுக்கு வாடகையா? தூ" என்றேன். பிரபாகர் லேசாகச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"சிரிக்காத. உங்கப்பனுக்கு வாடகை இல்லை. ஒரு கல்லு. அவ்வளவுதான். ஐப்பசிக்கு வருவியா மாட்டியா?"

"அம்மா, இங்க வச்சு வேண்டாம்."

"வேற எங்க வச்சுக் கேக்கட்டும்? கார்ல கேட்டா ரோட்டப் பாக்கற. ஊட்ல கேட்டா டிவியப் பாக்கற. போன்ல கேட்டா பார்க்கலாங்கற. பெத்தவன் மூஞ்சியக் கடைசியாப் பாக்காதவன் நீ. உனக்கு என்ன ஏரி வேண்டிக் கெடக்குது?"

"பார்த்தேன்மா" என்றான்.

"என்னத்தப் பார்த்த?"

"சக்திவேல் வீடியோ கால் போட்டான். எடுத்துட்டுப் போறது, குழில எறக்கறது, மண்ணு தள்றது எல்லாம் பார்த்தேன். ஆபீஸ் கக்கூஸ்ல கதவச் சாத்திட்டு நின்னு பார்த்தேன். நான் பார்க்கலைன்னு சொல்லாத."

சக்திவேல் மூக்கன் மகன். மண்வெட்டி பிடித்தவர்களில் அவனும் ஒருத்தன். ஒரு கையில் போனைப் பிடித்திருக்கிறான்.

ஏழு கடலுக்கு இந்தாண்ட, கக்கூஸ்ல நின்னவன் பாத்திருக்கறான். கூப்பிடு தூரத்துல, ஓடைக்கல்லுல உக்காந்திருந்த நான் பாக்கல. போனுக்கு விட்ட வழிய எனக்கு விடலையே!

"எங்க வச்சாங்க?" என்று கேட்டேன். "மரத்தடியா? தல எந்தப் பக்கம்?"

அவன் என்னையே பார்த்தான். "உனக்குத் தெரியாதா?"

"எவன் காட்டுனான் எனக்கு?"

"பலா மரத்துக்குக் கீழம்மா. தல மேக்க" என்றான். பிறகு, "நீ பார்த்திருக்கவே இல்லையாம்மா? இத்தனை நாளுமா?" என்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவன் கையை உதறினது நினைவிருக்கிறது. கீழே போட்டோ எடுத்தவர்கள் அண்ணாந்து பார்த்தது நினைவிருக்கிறது. அந்தக் கிழவி எழுந்து நின்று, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளையும் உதறினேன். உன் பூவும் வேண்டாம், உன் ஏரியும் வேண்டாம்.

போட்டில் ஏறவில்லை.

ஜூன் 16

யாரோடும் பேசவில்லை.

ஜூன் 17

திரும்பி வருகிற வழி. ஐஸ்வர்யா பின்சீட்டில் தூங்கிவிட்டாள். முன்னால் நானும் அவனும். ரொம்ப நேரம் கழித்து அவனே பேசினான்.

"ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வைங்க, நான் வந்துடறேன்னு கெஞ்சினேம்மா. சித்தப்பா, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்னு போனை வச்சுட்டாரு. அப்புறம் உனக்குப் போட்டேன். நீ எடுத்த. எடுத்து ஒண்ணுமே சொல்லல. 'இருங்க, என் மகன் வரட்டும்'னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்க. நீ ஏம்மா சொல்லல? அந்தக் கோவந்தான் பதினாறாம் நாளுக்கும் வரல."

நான் அவனைக் கேட்க வந்த கேள்வி ஒன்று. அவன் எட்டு மாசமாக என்னைக் கேட்கக் காத்திருந்த கேள்வி ஒன்று.

ஏன் சொல்லவில்லை? போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரியும். அவன் அழுதது காதில் விழுந்தது. சுற்றி ஆம்பளைகள் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் நான் பேசிப் பழகவில்லை. இது ஒரு பதிலா? எனக்கே பதிலாகத் தெரியவில்லை.

"ஐப்பசிக்கு வர்றேன்" என்றான். "கல்லு நான்தான் நடுவேன்."

"சரி சாமி" என்றேன்.

ஜூன் 28

வீடு. மழை. கலா வந்து "சீமை எப்படி இருந்துச்சு?" என்றாள். "பெட்ரோல் பங்குல ஒண்ணுக்குப் போகக் காசு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அது போதும் அவளுக்கு.

ஜூலை 19

ராத்திரி முழுக்க மழை. ஓடைக்கு அந்தாண்ட காட்டுப்பன்றி கிளறியிருக்கிறது என்று டீக்கடையில் பேச்சாம். மூக்கன் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏனுங்க கொழுந்தனாரே, இவரோட எடத்தையும் கெளறிப் போட்டுதுங்களா?"

"அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவோமுங்க அண்ணி. முள்ளு போட்டிருக்குது."

"முள்ளு இருக்குதா, பன்னி இழுத்துப் போட்டுதா? பாத்தீங்களா?"

"பாத்துக்கலாமுங்க."

பார்க்கலாம். பாத்துக்கலாம். இந்த வீட்டில் ஆம்பளைகளுக்கெல்லாம் இந்த ஒரு வார்த்தைதான் தெரியும்போல. சாயங்காலம் வரைக்கும் அவர் போகவில்லை, வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஓடை வரை போனேன். தண்ணீர் முட்டி வரைக்கும் ஓடியது. கல்லில் நின்றேன். அந்தப் பக்கம் இலைதான் தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

ஏன் திரும்பினேன்? யார் பிடித்தார்கள் என்னை? ஒருத்தரும் இல்லை. நானேதான் திரும்பினேன். அதுதான் ஆத்திரம்.

செப்டம்பர் 7

பிரபாகர் போன். ஐஸ்வர்யா மாசமாக இருக்கிறாளாம், மூணு மாசம். முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. கௌரிக்குச் சொன்னேன், கலாவுக்குச் சொன்னேன், மூக்கனுக்கும் சொன்னேன்.

அவர் பீடியைக் கீழே போட்டார். "அப்ப கல்லுக்குப் பிரபாகர் வரக்கூடாதுங்க அண்ணி. பொண்டாட்டி மாசமா இருக்கறப்ப குழிமேட்டுப் பக்கம் போகக்கூடாது. புள்ளைக்கு ஆகாது. சக்திவேலு நடட்டும். அவனும் மகன்தானுங்களே."

சாயங்காலம் பிரபாகருக்குச் சொன்னேன். "அப்படியாம்மா? சரி, பெரியவங்க சொன்னா சரிதான். எதுக்கு வம்பு" என்றான்.

அவன் குரலில் நிம்மதி. எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்குத் தெரியாதா? பரீட்சை தள்ளிப்போனால் சின்ன வயசில் இதே குரலில்தான் சொல்லுவான். ஆறு வருசமாக ஒரு வழக்கத்தையும் மதிக்காதவன், மாட்டுக்கறி தின்கிறவன், இந்த ஒரு வழக்கத்தை மட்டும் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

போனை வைத்துவிட்டேன். சரி, புள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அது சரி. ஆனால் நான்?

எனக்கு எதால தடை?

அக்டோபர் 20

இன்றைக்குத் தீபாவளி. நமக்கு இல்லை. கௌரி மாவிளக்குப் போல எதையாவது செய்யட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன். கல் வந்துவிட்டது. சக்திவேல் தூக்கிக்கொண்டு வந்து மூக்கன் வாசலில் சாய்த்து வைத்திருக்கிறான். கருப்புக் கல், முழங்கால் உயரம். பேர் ஒன்றும் கிடையாது.

அக்டோபர் 22. ஐப்பசி அஞ்சு

காலையில் அஞ்சாறு ஆம்பளைகள் கிளம்பினார்கள். சக்திவேல் தோளில் கல். மூக்கன் கையில் பால் சொம்பு. பின்னால் நாங்கள். ஓடை வந்ததும் பொம்பளைகள் பழக்கமாக நின்றார்கள். நானும் நின்றேன். கௌரி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆம்பளைகள் இறங்கித் தாண்டினார்கள். கடைசி ஆளும் ஏறி மரத்துக்குள் போகப் போனான். நான் கௌரி கையை எடுத்துவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தேன்.

"ஏ கண்ணாயி! எங்க போற?" கலாதான்.

திரும்பவில்லை. தண்ணீர் சில்லென்றிருந்தது, இழுத்தது. அந்தக் கரையில் சேலையைப் பிழிந்தேன். மூக்கன் ஓடி வந்தார்.

"நில்லுங்க அண்ணி. இது ஆம்பளைங்க காரியம்."

"நான் மாசமா இல்லைங்க கொழுந்தனாரே. எனக்கு என்ன தடை?"

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். மூக்கன் முகம் கறுத்துவிட்டது. "வழக்கம்னு ஒண்ணு இருக்குதுங்களே. எங்கம்மா வந்தாங்களா? உங்கம்மா வந்தாங்களா?"

"அவங்களை யாரும் கேக்கல. என்னையும் யாரும் கேக்கல. அன்னைக்கு என் மகன் போன்ல அழுதான், ரெண்டு நாளு வைங்கன்னு. நீங்க வைக்கல. நான் வாயத் தெறக்கல. இந்தக் கல்லுக்கு அவன் வரக்கூடாதுன்னீங்க. சரின்னேன். சரி சரின்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாயெல்லாம் புளிச்சுப் போச்சுங்க. இன்னைக்குச் சரி சொல்ல மாட்டேன்."

"நீங்க வந்தா நான் பால் ஊத்த மாட்டேன்."

"சொம்பக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. ஆனால் பிடியும் இறுக்கமாக இல்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

மேலே ஏறினால் பலா மரம். மூணு மேடு இருந்தது. மூணிலும் புல் மூடியிருந்தது, மூணிலும் முள் கிடந்தது. எது என்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தாறு வருசம் படுக்கையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சுச் சத்தத்திலேயே ஆளைச் சொல்லுவேன். இப்போது மூணு மேட்டுக்கு நடுவே சொம்போடு நிற்கிறேன், ஊருக்குப் புதுசாக வந்தவள் மாதிரி.

"எது இவரு?" என்று கேட்டேன்.

ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள். மறுபடியும் கேட்டேன். "கேக்கறது காதுல உழுதா? எதுல இருக்கறாரு எங்க ஊட்டுக்காரரு?"

சக்திவேல் கல்லைத் தோளிலிருந்து இறக்கினான். "வலதுபக்கம் இருக்கறதுங்க பெரீம்மா" என்றான். "நான்தான் மண்ணு போட்டேன். எனக்குத் தெரியும்."

பன்றி ஒரு ஓரத்தைக் கிளறித்தான் இருந்தது. ஜூலையிலிருந்து யாரும் திரும்ப மூடவில்லை. மூக்கனைப் பார்த்தேன். அவர் மரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் ஆடியது. கோபமா அழுகையா, நான் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கும் அண்ணன்தானே.

சக்திவேல் குழி தோண்டிக் கல்லை நட்டான். நான் பால் ஊற்றினேன். மண் உடனே குடித்துவிட்டது. கிளறின இடத்தில் மண்ணைத் தள்ளிக் கையால் தட்டித் தட்டி மேடாக்கினேன். அழுகை வரும் என்று எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். வரவில்லை. "ஒரு வருசம் இப்படியே போட்டு வச்சிருக்கீங்களே" என்றுதான் வாயில் வந்தது.

திரும்பி வந்தபோது பொம்பளைகள் இன்னும் அங்கேயே நின்றிருந்தார்கள். யாரும் என்னைத் தொடவில்லை. கௌரி மட்டும் வந்து என் ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டாள்.

அக்டோபர் 25

மூக்கன் வீட்டில் மூணு நாளாக என்னோடு பேச்சில்லை. நானும் போய் நிற்கவில்லை. காலையில் ஓடை தாண்டிப் போய் முள்ளை எடுத்து ஒழுங்காக அடைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 3

கலா கேட்டாள், "அங்க எப்படிடி இருக்குது? நெசமாலுமே சொல்லு." அவள் புருசன் போய் ஒன்பது வருசம். சொன்னேன். ரெண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

நவம்பர் 9, ஞாயிறு

காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டோம். கை முழுக்கப் பிசுக்கு.

பிரபாகர் போன் பண்ணினான். ஐஸ்வர்யா நன்றாக இருக்கிறாளாம், வாந்தி நின்றுவிட்டதாம். அவளிடம் கொடுக்கச் சொன்னேன். "அன்னைக்கு ஏரிக்கரையில உன்னையப் பேசிட்டேன் கண்ணு. உன் மேல இல்லை" என்றேன். "தெரியுமுங்க அத்தை" என்றாள். அவன் திரும்ப வாங்கினான். குழந்தை பிறந்து, கொஞ்சம் தேறி, அடுத்த ஆவணி வாக்கில் மூணு பேருமாக வருகிறார்களாம்.

"அப்ப அப்பா எடத்துக்குப் போகணும்மா. சித்தப்பாகிட்டச் சொல்லி வை, இல்லைன்னா சக்திவேல் கூட்டிட்டுப் போகட்டும். எனக்கு வழி சரியாத் தெரியாது" என்றான்.

"சித்தப்பன் எதுக்கு? சக்திவேலு எதுக்கு?" என்றேன். "எனக்குத் தெரியும். நான் கூட்டிட்டுப் போறேன். அவளையும் புள்ளையையும் கூட்டிட்டு வா."



"ஓடையில தண்ணி இருக்குமேம்மா, குழந்தையத் தூக்கிட்டு எப்படி?" என்றான்.

"நான் தூக்கிக்கறேன்" என்றேன்.